பின் இருக்கையில் ஏறியவள்

மாலை நான்கு மணி. பேய்க்கு அது நேரமே இல்லை. வெயில்கூட இருந்தது. மலை ரோட்டில் ஒரு வெள்ளை கார், என்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். கண்ணுக்கு எட்டிய வரை வேறு வண்டி இல்லை. ஆடு மேய்க்கிறவன்கூட இல்லை...

மண்ணெண்ணெய் ஹீட்டரை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். கரண்ட் இன்றைக்கு வராது. கதவைச் சாத்தியாயிற்றா? சரி.

இது என் தோழி மமெல்லோவின் அக்காவுக்கு நடந்தது. பெயர் நலேடி. அவளே என்னிடம் சொன்னாள். ஒரு கல்யாண வீட்டில், எல்லோரும் வெளியே ஆடிக்கொண்டிருந்தபோது, பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்துச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுவி முடித்த ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு சொன்னாள்.

அப்போது அவள் கல்லூரியில் கடைசி வருடம். வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. செப்டம்பர். நம் லெசோத்தோவில் குளிர்காலம் முடிந்து, ஆகஸ்ட் மாதத்துப் புழுதிக் காற்று அடங்கி, பீச் மரங்கள் இலை விடும் முன்பே பூத்து நிற்கிற சமயம். உங்களுக்குத்தான் தெரியுமே, அந்த இரண்டு வாரம் யாரும் படிக்க மாட்டார்கள். பெண்கள் குளிர்காலப் போர்வைகளைக் குழாயடியில் துவைத்து வேலியில் காயப்போட்டுவிட்டு, விடுதி மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிவிடுவாள். வாசலில் சுடச்சுட மக்வென்யா மாவுருண்டை பொரிக்கிற அம்மாவிடம் ஒரு பொட்டலம் வாங்கினால் ஆறு பேர் பிய்த்துத் தின்பார்கள். போகிற பையன்களுக்கெல்லாம் மதில்மேல் இருந்தே பட்டப் பெயர் வைப்பார்கள்.

நலேடிக்கு அந்த மதிலில் இடம் கிடைத்ததே அந்த மாதம்தான். இடம் கொடுத்தவள் பொன்ட்ஷோ. வாய்க்காரி. அவள் சிரித்தால் மதில் முழுக்கச் சிரிக்கும். அவளுடைய பெரியப்பா மகன் கெகெட்சோ. அவனுக்கு மாமாவின் பழைய கார் சனிக்கிழமைகளில் கிடைக்கும். நலேடிக்கு அவன்மேல் ஒரு இது... அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. தட்டைக் கழுவிய விதத்தில் தெரிந்தது.

நலேடியின் அறைத்தோழி திமகட்சோ. மலைக்காரி. ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு, பழுப்புப் போர்வையைத் தோளில் பெரிய ஊக்கால் குத்திக்கொண்டு வகுப்புக்கு வருவாள். அந்தப் போர்வையில் வறட்டிப் புகை ஏறிப்போயிருந்தது. எத்தனை துவைத்தாலும் போகாது. ஆனால் கணக்கில் புலி. புள்ளியியலில் நலேடி தேறியதே அவள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததால்தான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இரண்டு பேரும் பேசிப் பேசிச் சிரிப்பார்களாம். பகலில் அவள் மதில் பக்கம் வந்தால், நலேடி தலையைக் குனிந்து பொட்டலத்தில் எண்ணெய் பார்ப்பாள்.

"அறைக்குள்ள அவதான் எனக்கு எல்லாம். வெளியில அவ யாருன்னே தெரியாத மாதிரி இருந்தேன்" என்றாள் என்னிடம். "அவளுக்கும் அது தெரியும். ஒரு நாள்கூட கேட்டதில்ல."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொன்ட்ஷோ ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஏய் நலேடி, நாளைக்குக் கணவாய்க்குப் போறோம். பனி இன்னும் மிச்சம் இருக்காம். கோழி சுட்டுத் தின்னுட்டு, போட்டோ எடுத்துட்டு வந்துடலாம். கெகெட்சோதான் உன்னையும் கூப்பிடச் சொன்னான்."

நலேடி பதில் சொல்வதற்குள் பின்னால் கட்டிலிலிருந்து திமகட்சோவின் குரல்.

"கணவாய்க்கு அடியிலதான் எங்க ஊரு. நானும் வரட்டுமா?"

இல்லை என்று எப்படிச் சொல்வது. போன வாரம்தான் அவள் நோட்டைப் பார்த்து எழுதியிருந்தாள். "வாயேன்" என்றாள் நலேடி. அன்று இரவு திமகட்சோ அம்மாவுக்குப் போன் செய்து, நாளைக்குத் தோழிகளோடு கணவாய்க்குப் போகிறேன் என்று சொன்னதை நலேடி கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். தோழிகளோடு என்று சொன்னாள்.

மறுநாள் காரில் ஏறியதும் பொன்ட்ஷோ ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"என்னடி, அடுப்பையும் சேர்த்தே தூக்கிட்டு வந்துட்டியா?"

கெகெட்சோ சிரித்தான். நலேடியும் சிரித்தாள். திமகட்சோவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

மேலே நல்ல வெயில். பாறை நிழல்களில் மட்டும் பனி அழுக்காகக் கிடந்தது. அதை உருட்டி எறிந்து விளையாடினார்கள். கோழிக்கு நெருப்பு மூட்ட மூன்று பேரும் ஊதி ஊதித் தோற்றார்கள். கடைசியில் திமகட்சோதான் முழங்காலிட்டு இரண்டே ஊதலில் பற்ற வைத்தாள். இஞ்சி பீர் குடித்தார்கள். போட்டோ எடுக்கும்போது பொன்ட்ஷோ போனை அவள் கையில் கொடுத்து, "நீயே எடு, உனக்குத்தான் கை நடுங்காது" என்றாள். அதனால் ஒரு படத்திலும் அவள் இல்லை.

இரண்டு மணி வாக்கில் திமகட்சோ எழுந்து நின்று வானத்தை முகர்ந்தாள்.

"காத்து திரும்பிடுச்சு. மூணு மணிக்குள்ள இறங்கிடலாம்."

"வானிலை அறிக்கை முடிஞ்சுது. அடுத்து பாட்டு" என்றாள் பொன்ட்ஷோ.

லெசோத்தோ மலையில் செப்டம்பரை நம்பக் கூடாது. அது நமக்கெல்லாம் தெரியும். இருந்தாலும் மூன்றரைக்குத்தான் கிளம்பினார்கள். நான்கு மணிக்கு, நான் முதலில் சொன்ன இடத்தில், திமகட்சோ வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஒதுங்கப் போக வேண்டும் என்றாள். இறங்கிப் பாறைக்குப் பின்னால் ஏறிப் போனாள். கம்பூட்ஸ் சத்தம்... சரக், சரக் என்று மேலே போய் நின்றது.

கெகெட்சோ ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். பொன்ட்ஷோவுக்குச் சிரிப்பு வந்தது.

"போயிடலாமா? பத்து நிமிஷம் கழிச்சு வரலாம். அவ முழிக்கிறதைப் பாக்கணும்."

கெகெட்சோ கண்ணாடி வழியாகப் பின் இருக்கையைப் பார்த்தான். "உன் அறைத்தோழி. நீ சொல்லு."

அவன் அவளைப் பார்த்துப் பேசியது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

"போ" என்றாள் நலேடி. "பத்து நிமிஷம்தானே."

இந்த இடத்தில் கழுவிக்கொண்டிருந்த தட்டு அவள் கையிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று. அவள் எடுக்கவில்லை. "போன்னு சொன்னது நான்தான். அவங்க ரெண்டு பேரும் இல்ல. நான்" என்றாள்.

கீழே நாலு வளைவு தாண்டி ஒரு கடை. பாதி மளிகை, பாதி பீர்க்கடை. உள்ளே கதகதப்பாக இருந்தது. கெகெட்சோவுக்குத் தெரிந்த பையன்கள் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ஆட்டம் என்றான். பத்து நிமிடம் இருபது ஆயிற்று. இருபது நாற்பது ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாக மாறிக்கொண்டு வந்ததை நலேடி பார்த்துக்கொண்டே இருந்தாள். போகலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கெகெட்சோ ஆடும்போது தன் கோட்டை அவளிடம் கொடுத்து வைத்திருந்தான். அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான் காரணம். ஒரு கோட்டு.

வெளியே வந்தபோது உப்பு மாதிரி பனி விழுந்துகொண்டிருந்தது. மேலே ரோடே தெரியவில்லை. மூடுபனி மலையிலிருந்து இறங்கி வந்து கடை வாசலில் நின்றது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வண்டியில் ஏறினார்கள்.

மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. விளக்கைப் போட்டால் மஞ்சள் சுவர் மாதிரிதான் தெரிந்தது. கெகெட்சோ நடக்கிற வேகத்தில் ஓட்டினான். வைப்பர் மட்டும் கிரீச்... கிரீச்... என்று. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. மூன்றாவதில்... ரோட்டோரம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

பழுப்புப் போர்வை தலை வரை இழுத்துப் போர்த்தியிருந்தது. முதுகு ரோட்டைப் பார்த்து. முகம் பள்ளத்தைப் பார்த்து.

கார் நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. நலேடி பின் இருக்கையிலிருந்து எட்டி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். திறந்துவிட்டு உடனே மடியைப் பார்த்துக்கொண்டாள்.

"ஏறு" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இருக்கை அமுங்கியது. கதவு சாத்தியது. டப்.

"சும்மா விளையாட்டுக்குத்தாண்டி. கோச்சுக்காதே" என்றாள் பொன்ட்ஷோ, முன் கண்ணாடியைப் பார்த்தபடி. அவள் இன்னொரு தரம் சொல்லவில்லை. கெகெட்சோ வண்டியைத் திருப்பினான். கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் இருக்க, கண்ணாடியையே மேலே தட்டிவிட்டான்.

என்ன? பார்க்கவே இல்லையா என்று கேட்கிறாயா? இல்லை. மூன்று பேரும் பார்க்கவில்லை. ஒருத்தியை மலையில் விட்டுவிட்டுப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தால் நீ முகத்தை நிமிர்ந்து பார்ப்பாயா?... நானும் மாட்டேன்.

வழியெல்லாம் நலேடி இரண்டு விஷயத்தைக் கவனித்தாள். கவனித்தும் யோசிக்கவில்லை. ஒன்று, புகை நாற்றம் இல்லை. காலையில் அத்தனை கேலி செய்த நாற்றம். இப்போது ஈரக் கல்லின் வாடை மட்டும்தான் வந்தது. அப்பாடா என்றுகூட இருந்ததாம் அவளுக்கு. இரண்டாவது, வளைவில் கார் சாய்ந்தபோது அந்தப் போர்வை அவள் முழங்காலில் பட்டது. பனியில் ஒரு மணி நேரம் நின்ற போர்வை. அது உலர்ந்திருந்தது.

விடுதி வாசலில் பக்கத்தில் இருந்தவள்தான் முதலில் இறங்கி உள்ளே போனாள். நலேடி வேண்டுமென்றே பொன்ட்ஷோவோடு நின்று நேரம் கடத்திவிட்டு மாடிக்குப் போனாள். அறையில் விளக்கு போட்டிருக்கவில்லை. திமகட்சோவின் கட்டிலில் போர்வைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த உருவம்... நலேடியும் விளக்கைப் போடாமலே படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த முதுகு திரும்பவில்லை. நலேடி காலையில் வெளியே போனாள். மதிலில் உட்கார்ந்தாள். பீச் பூவெல்லாம் முந்தின நாள் குளிரில் கருகி உதிர்ந்து கிடந்தது. யாரோ ஜோக் சொன்னார்கள். மத்தியானம் களியும் கீரையும் ஒரு தட்டில் எடுத்துப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். சாயங்காலம் தட்டு காலியாக, கழுவித் துடைத்து, நலேடியின் தலையணைமேல் இருந்தது.

மன்னித்துவிட்டாள் என்று நினைத்தாள் நலேடி.

அன்று ராத்திரி அவளால் தாங்க முடியவில்லை. இருட்டில் அந்த முதுகைப் பார்த்துப் பேசினாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். மதில் பக்கம் வரும்போது தலையைக் குனிந்துகொண்டது. போர்வை நாற்றத்தைப் பற்றிப் பொன்ட்ஷோவிடம் முதலில் சொன்னதே தான்தான் என்பது. மலையில் போ என்று சொன்னது. கடையில் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. அழுதுகொண்டே சொன்னாள். "உன்னை நினைச்சு நான் வெட்கப்பட்டேன் திமகட்சோ. இப்ப என்னை நினைச்சா எனக்கே..."

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. திமகட்சோவின் குரல்தான். அதே நிதானம்.

"பரவால்ல. நான்தான் வந்துட்டேன் இல்ல."

நலேடி நன்றாகத் தூங்கினாளாம். குழந்தை மாதிரி.

திங்கட்கிழமை காலை அந்தக் கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வகுப்புக்குப் போயிருப்பாள் என்று நினைத்தாள். மூன்று மணிக்கு விடுதிக் காப்பாளர் அம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"உன் அறைத்தோழி கிடைச்சுட்டா. ஆஸ்பத்திரியில இருக்கா. ரெண்டு ராத்திரி மலையிலயே கிடந்திருக்கா. நீ ஏன் என்கிட்ட வந்து சொல்லல?"

"இல்லம்மா, அவ இங்கதான் இருந்தா. என்கூடத்தான் இருந்தா. இன்னிக்குக் காலையிலதான்..."

காப்பாளர் அம்மா அவளையே பார்த்தார். நலேடி பாதியில் நிறுத்தினாள்.

கெகெட்சோவின் காரில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாசலில் அவன் என்ஜினை அணைத்துவிட்டு, "பனியில தெரியல, அவ ஏறிட்டான்னு நெனச்சுட்டோம். அவ்வளவுதான். வேற எதுவும் பேச வேண்டாம்" என்றான். அவனும் பொன்ட்ஷோவும் இறங்கவில்லை. நலேடி மட்டும் உள்ளே போனாள்.

திமகட்சோ கட்டிலில் இருந்தாள். உதடு வெடித்து, கன்னம் கறுத்து, இடது காலில் பெரிய கட்டு. உறைந்துபோன இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். ஆனால் அவள்தான். வார்டு முழுக்க வறட்டிப் புகை நாற்றம் அடித்தது. கால் மரத்து இறங்க முடியாமல், இடையர்கள் குளிருக்கு ஒதுங்குகிற கல் குடிசை ஒன்றில், மிச்சம் கிடந்த வறட்டியை மூட்டி மூட்டி இரண்டு ராத்திரி உயிரோடு இருந்திருக்கிறாள்.

"நீங்க திரும்பி வந்தீங்க. நான் பார்த்தேன்" என்றாள் திமகட்சோ. குரல் கிழிந்துபோயிருந்தது. "நான் மேல பாறையில இருந்தேன். வெளிச்சம் தெரிஞ்சுது. கத்திக்கிட்டே ஓடி வந்தேன். கார் நின்னுது. கதவு திறந்துச்சு. கதவு சாத்துச்சு. அப்புறம் போயிட்டீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "யாரை ஏத்திக்கிட்டீங்க?"

நலேடி அவள் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள்.

கட்டிலின் அந்தப் பக்கம் திமகட்சோவின் அம்மா உட்கார்ந்திருந்தார். கணவாய்க்கு அடியில் இருக்கிற ஊர்க்காரர். வெயிலில் வெந்த முகம், பெரிய கை. அவர் மெதுவாகச் சொன்னார்.

"இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி கதவு தட்டுச்சும்மா. 'அம்மா, நான்தான்'னு குரல். இவ குரல்தான். திறந்தேன். விளக்கைத் தூக்கி மூஞ்சியைப் பார்த்தேன். 'என் பிள்ளை எங்கே'ன்னு கேட்டேன்."

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?" நலேடி கேட்டாள்.

"எப்படின்னா? பார்த்தேன். அவ்வளவுதான்." அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். "நீங்க யாரும் பார்க்கலையா?"

நலேடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு. 'ஏறுன்னு சொன்னாங்க, ஏறினேன்.' அப்புறம் திரும்பி மலைப் பக்கமா நடந்து போயிடுச்சு. நான் ஊரை எழுப்பினேன். ஆறு பேரு குதிரையில போய்த் தேடினாங்க." அந்த அம்மா முன்னால் சாய்ந்தார். "யாரும்மா ஏறுன்னு சொன்னது? உனக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா" என்றாள் நலேடி. "பனியில ஒண்ணும் தெரியல. இவ ஏறிட்டான்னு நெனச்சுட்டோம்."

திமகட்சோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மன்னிப்பு. ஒரே ஒரு வார்த்தை. அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று நலேடிக்குத் தெரிந்தது. வரவில்லை. "எல்லாத்தையும் ஒரு தடவைதான் என்னால சொல்ல முடிஞ்சுது. அதை யார்கிட்டயோ சொல்லித் தீர்த்துட்டேன்" என்றாள் என்னிடம்.

மூன்று வாரத்தில் திமகட்சோ விடுதிக்குத் திரும்பி வந்தாள். வேறு அறை தருகிறேன் என்றார் காப்பாளர் அம்மா. வேண்டாம் என்றுவிட்டாள். நலேடிக்கும் மாற்றிக்கொண்டு போக முகம் இல்லை. அதே அறை. அதே இரண்டு கட்டில். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை அவள். வழி தவறிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். நடக்கும்போது இடது கால் கொஞ்சம் இழுக்கும். ஒரு அடி பலமாக, ஒரு அடி லேசாக.

ஒன்றே ஒன்று கேட்டாள். ராத்திரி விளக்கை அணைக்கும் முன்.

"என் மூஞ்சியை ஒரு தரம் பார்த்துட்டு அணை."

நலேடி பார்ப்பாள். வெடிப்பு ஆறின உதடு. கன்னத்தில் கறுப்புத் தழும்பு. நேராகப் பார்க்கிற கண். அதைப் பார்ப்பதுபோல ஒரு தண்டனை வேறு இல்லை. ஆனாலும் பார்ப்பாள். பிறகு அணைப்பாள். அக்டோபர், நவம்பர், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு பிப்ரவரி, மார்ச்... ஒரு நாள் தவறவில்லை. நலேடி மதிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். கெகெட்சோ எதிரே வந்தால் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

மே மாதம். பரீட்சைக்கு இரண்டு நாள். அந்த வருடத்தின் முதல் பனி சாயங்காலமே விழ ஆரம்பித்துவிட்டது. நலேடி படித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள். திமகட்சோ அதற்கு முன்பே படுத்திருந்தாள். நலேடி சுவிட்சில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

திமகட்சோ ஒன்றும் கேட்கவில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போர்வை தலை வரை. நலேடி நின்றாள். மூச்சு சத்தம் கேட்டது, சீராக. ஜன்னல் இடுக்கு வழியாக ஈரக் கல்லின் வாடை... அது வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும், பனி விழுகிறதே. நாலு அடி தூரம். போய்த் தோளைத் தொட்டுத் திருப்பினால் போதும். "திமகட்சோ, இந்தப் பக்கம் திரும்பு" என்று கூப்பிட்டால்கூடப் போதும்.

அவள் கூப்பிடவில்லை. விளக்கை அணைக்கவும் இல்லை. தன் கட்டிலில் ஏறி, தானும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, விடியும் வரை கண்ணை மூடாமல் கிடந்தாள்.

"அன்னிக்கும் நான் பார்க்கல" என்றாள் என்னிடம். "ரெண்டாவது தடவையும்."

காலையில் பக்கத்துக் கட்டில் கிரீச்சிட்டது. கதவு திறந்தது. சிமெண்டுத் தரையில் காலடி, குழாயடிப் பக்கமாகப் போயிற்று. நலேடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தப், தப், தப், தப்... ஒரே அளவு. ஒரே சத்தம்.

அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார் என்று கேட்கவே இல்லை. நலேடியும் பார்க்கவே இல்லை. பரீட்சை எழுதினார்கள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜூன் தொடக்கத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரிந்தார்கள். யாரிடமும் நலேடி மூச்சு விடவில்லை. என்ன என்று சொல்வது. என் அறைத்தோழியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்றா?

பட்டமளிப்பு அடுத்த செப்டம்பரில். மறுபடி பீச் பூ. மைதானம் முழுக்கக் கறுப்பு அங்கி. அம்மாக்கள் குலவையிட்டுக்கொண்டே ஓடி வந்து பிள்ளைகளுக்குப் புதுப் போர்வை போர்த்துகிறார்கள். கூட்டத்தில் திமகட்சோவின் அம்மாவை நலேடி பார்த்தாள். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஜூனிலிருந்து மகள் தலைநகர் மசேருவில் ஏதோ வேலை என்று ஊருக்கே போகவில்லையாம், அதனால் அன்றுதான் பார்க்கிறார். கையில் பிளாஸ்டிக் பை. அதிலிருந்து நீலமும் மஞ்சளுமாக ஒரு புத்தம் புதுப் போர்வையை எடுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, அங்கி போட்ட மகளை நோக்கிப் போனார்.

கிட்டே போய் நின்றார். ஒரு கையை விடுவித்து, மகளின் தாடையைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

சுற்றிலும் ஒரே பாட்டு. குலவை. அந்த அம்மா மட்டும் அசையாமல் நின்றார். எவ்வளவு நேரம் என்று நலேடிக்குத் தெரியவில்லை. பிறகு தாடையை விட்டார். விரித்த போர்வையை நான்காக, எட்டாக மடித்தார். பைக்குள் வைத்தார். பையின் காதை முடிச்சுப் போட்டார்.

பிறகு நிமிர்ந்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவே, நலேடியைத் தேடிப் பார்த்தார்.

நலேடி சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். ரொம்ப நேரம் கட்டினாள். அன்று அவள் போட்டிருந்த ஷூவுக்கு லேஸே கிடையாது.

நிமிர்ந்தபோது அந்த அம்மா பஸ் நிற்கிற இடத்தை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தார், பையை மார்போடு அணைத்துக்கொண்டு. பத்தடி பின்னால், கறுப்பு அங்கியில், அதுவும் போயிற்று. அவர் நடந்தால் நடந்தது. அவர் நின்றால் நின்றது. அந்த அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.